பேர் போனவரும் பேர் தெரியாதவரும்

சொல் விளக்கம் கேட்டு வந்த கடிதங்களில் பல, 'புகழ் இல்லாத' என்பதை எப்படிச் சொல்வது என்ற ஒரே இடத்தில் வந்து நின்றன. அவற்றை மட்டும் பிரித்து இங்கே பதில் தருகிறோம்.

எங்க ஊர்க் கோயில் மலருக்கு உடுக்கையடிப் பாட்டுக்காரர் ஒருத்தரைப் பத்தி எழுதினனுங்க. 'புகழற்ற கலைஞர்' என்று தலைப்பு வைத்திருந்தேன். அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்த்த அவர் மகன், 'எங்கப்பனை வையறீங்களா?' என்று கேட்டுவிட்டார். அகராதியில் அந்தப் பொருள் இல்லையே?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

மகன் கேட்டது நியாயம்தான். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வசவு எதுவும் இல்லை: புகழ் + அற்ற. ஆனால் 'அற்ற' எந்தச் சொற்களோடு பழகியிருக்கிறது என்று பாருங்கள். மானமற்ற, வெட்கமற்ற, நன்றியற்ற, பயனற்ற. இன்னொரு பக்கம் குற்றமற்ற, களங்கமற்ற, கவலையற்ற. நல்லதன் பின்னால் 'அற்ற' வந்தால் குறை சொல்வதாக ஒலிக்கும். கெட்டதன் பின்னால் வந்தால் பாராட்டாக ஒலிக்கும். புகழ் நல்லது. அதனால் 'புகழற்ற' என்று படித்தவுடன் காதில் விழுவது குறைதான்.

பழைய தமிழும் இந்த விஷயத்தில் தயவு காட்டவில்லை. 'வசையென்ப வையத்தார்க் கெல்லாம் இசையென்னும் எச்சம் பெறாஅ விடின்' என்கிறது குறள் (238). தனியாக ஒரு கெட்ட காரியம் செய்திருக்க வேண்டியதில்லை. புகழ் கிடைக்காமல் போவதே வசை. இந்த எண்ணம் மொழிக்குள் ஊறிக் கிடப்பதால், 'புகழ்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த எதிர்மறையைச் சேர்த்தாலும் கொஞ்சம் கசப்பு வந்துவிடும். 'புகழிலி' என்றால் இன்னும் மோசம். அறிவிலி, நாணிலி, மதியிலி இருக்கும் வரிசையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவீர்கள்.

ஆகவே 'புகழ்' என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். அவரிடம் இல்லாதது எது என்று கேட்டுக்கொண்டால் சரியான சொல் தானே வரும். சுற்றுவட்டாரத்தில் அண்ணன்மார் கதை பாடக் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். கோயம்புத்தூர் மேடைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் தெரியாது. அப்படியானால் 'வெளியூர் மேடைகள் அறியாத கலைஞர்' என்பது உண்மை. யாருக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் தெரியாமல் போன குறை தெரியாதவர்கள் மேல் விழும், கலைஞர் மேல் விழாது. தலைப்புக்கு அடைமொழியே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பெயர், ஊர், எத்தனை வருஷமாக உடுக்கை பிடிக்கிறார், இந்த மூன்றும் போதும். புகழ் இல்லாததை அந்த மூன்றுக்குப் பிறகு வாசகரே தெரிந்துகொள்வார்.

'அறியாத கலைஞர்' என்று சுருக்கமாக எழுதலாமா?
— வாசகர், பெருந்துறை

கூடாது. 'அறியாத கலைஞர்' என்றால் ஒன்றும் தெரியாத கலைஞர் என்றும் படிக்கலாம். 'அறியாத பிள்ளை', 'அறியாத வயசு' என்பதெல்லாம் அந்த வகை. தமிழ்ப் பெயரெச்சம் தன்னை அடுத்து வரும் பெயரை எழுவாயாகவும் ஏற்கும், செயப்படுபொருளாகவும் ஏற்கும். எது என்று காட்ட முன்னால் ஒரு எழுவாய் வேண்டும். 'பலரும் அறியாத கலைஞர்' என்றால் குழப்பம் தீர்ந்தது. எழுவாய் போட இடமில்லை என்றால் செயப்பாட்டு வினைக்குப் போய் 'அறியப்படாத' என்று எழுதலாம். 'தெரியாத' என்பதில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் தெரிதல் நான்காம் வேற்றுமை கேட்கும் வினை: எனக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. ஆனால் அங்கேயும் 'பாட்டுத் தெரியாத கலைஞர்' என்று முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டால் கதை மாறிவிடும்.

'புகழற்றக் கவிஞர்', 'புகழற்ற கவிஞர்' – எது சரி? 'புகழ்ப்பெற்ற' என்று பிளக்ஸில் பார்க்கிறேன். வல்லினம் எங்கே மிகும்?
— கல்லூரி மாணவர், நாமக்கல்

'புகழற்ற கவிஞர்'. அகரத்தில் முடியும் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது. அறியப்படாத கவிஞர், புகழ்பெறாத பாடகர், பேரில்லாத கடை, எல்லாமே அப்படித்தான்.

அதே எதிர்மறைப் பெயரெச்சம் கடைசி எழுத்தை இழந்தால் மிகும். 'பெறாத' என்பது 'பெறா' என்று குறைந்தால் 'புகழ் பெறாக் கவிஞர்'. 'அறியப்படாக் கலைஞர்', 'பெயர் தெரியாப் புலவர்', 'வெளிவராப் பாட்டு'. இதற்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பெயர். தேர்வில் கேட்பார்கள், அதைவிட, தலைப்பில் இடம் மிச்சப்படுத்த உதவும். 'இன்றி' என்று எழுதினாலும் மிகும்: 'பேரின்றிப் போனார்'. 'இல்லாமல்' என்றால் இன்றைய வழக்கில் அப்படியே விடலாம்: 'பேரில்லாமல் போனார்'.

'புகழ்ப்பெற்ற' தவறு. புகழைப் பெற்ற என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை. நீர் குடித்தான், கனி தின்றான் போல இயல்பாகவே நிற்கும். 'உலகப் புகழ்பெற்ற' என்று எழுதும்போது முதல் 'ப்' வேண்டும், இரண்டாவது வேண்டாம். பல பிளக்ஸ்களில் இது தலைகீழாக இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு 'ழகர ஒற்றுக்குப் பின்னால் எப்போதும் மிகாது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கருவூரோடு தொடர்புடைய புகழ்ச்சோழ நாயனார், அரிசிற்கரைப்புத்தூர்ப் புகழ்த்துணை நாயனார் பெயர்களில் மிகுந்திருக்கிறது. யகர ரகர ழகர ஒற்றுகளுக்கு முன் க, ச, த, ப வரும்போது இயல்பாவதும் உண்டு, மிகுவதும் உண்டு என்று நன்னூல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

காங்கேயம் காளைக்குப் பேர் போனது என்கிறோம். 'போன' என்றால் இழந்த என்றல்லவா பொருள்? பேரை இழந்ததா காங்கேயம்?
— வாசகர், காங்கேயம்

இழக்கவில்லை, பேர் வெளியே போயிருக்கிறது! இங்கே 'போதல்' என்பது எட்டுதல், பரவுதல். பவானி ஜமக்காளத்துக்குப் பேர் போனது, ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர் போனது, பொள்ளாச்சி சந்தைக்குப் பேர் போனது. இந்த வாக்கியங்களில் ஒரு பொது அமைப்பு உண்டு: எதற்கு என்பதைக் காட்டும் 'கு' உருபு முன்னால் வருகிறது, 'பேர் போன' பின்னால் அடைமொழியாகவோ பயனிலையாகவோ வருகிறது.

இழப்பைச் சொல்லும்போது அமைப்பு வேறு. 'அவன் பேரே போச்சு', 'ஊருக்குள்ள எங்க பேர் போச்சுங்க'. இங்கே யாருடைய பேர் என்ற உடைமை முன்னால் நிற்கும், எதற்கு என்பது வராது, 'போச்சு' முற்றாக வரும். அதனால் பேச்சில் குழப்பமே வராது. எழுத்தில்தான் 'பேர் போன மனிதர்' என்று மொட்டையாக எழுதிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். 'வம்புக்குப் பேர் போனவர்' என்று கேலியாகவும் சொல்வது வழக்கமாதலால், எதற்கு என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

சரி, பேர் போகாத ஊரை எப்படிச் சொல்வது? 'பேர் போகாத' என்று யாரும் சொல்வதில்லை. எதிர்மறையில் இந்தத் தொடர் வழங்குவதே இல்லை. நம் பக்கத்துப் பேச்சில் அதைச் சொல்லக் கேள்விதான் வரும்: 'அந்த ஊரை ஆருக்குங்க தெரியும்?' அல்லது வினை மாறும்: 'பாட்டுல பேரெடுக்கலீங்க', 'வைத்தியத்துல இன்னும் பேர் வாங்கலீங்க'. பேரெடுத்தல், பேர் வாங்குதல் இரண்டும் முயற்சியைக் காட்டுபவை. அதனால் அவற்றின் எதிர்மறையில் பழிப்பு குறைவு. இன்னும் வாங்கலாம் என்ற கதவு திறந்தே இருக்கிறது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். புகழ் என்பதற்கு எதிர்ச்சொல் இகழா, பழியா, வசையா?
— வாசகி, தாராபுரம்

மூன்றும் சரி, ஆனால் ஜோடி மாறக்கூடாது. புகழ்தல் × இகழ்தல் என்பது செயல்: ஒருவர் இன்னொருவரை வாயால் செய்வது. புகழ் × பழி என்பது கிடைத்த பலன்: 'புகழெனின் உயிருங் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்' என்ற புறநானூற்று 182ஆம் பாட்டு இந்த ஜோடியைத்தான் நிறுத்துகிறது. இசை × வசை என்பது எதுகை பொருந்திய செய்யுள் ஜோடி. குறளின் புகழ் அதிகாரத்துக் கடைசி மூன்று குறள்களும் (238, 239, 240) இதன்மேல் நடக்கின்றன. கொள்குறி வினாவில் 'இகழ்' இருந்தால் பெரும்பாலும் அதுவே எதிர்பார்க்கும் விடை.

ஆனால் ஒன்று: இம்மூன்றில் எதுவும் 'புகழ் இல்லாமை' அல்ல. அதற்குப் புகழின்மை என்றுதான் சொல்ல வேண்டும். நிறைகுடத்துக்கு எதிர் வெறுங்குடம், உடைந்த குடம் அல்ல.

எங்கள் ஊர் விழாவில் பேசிய ஒருவர், 'தோன்றின் புகழொடு தோன்றுக' என்ற குறளைச் சொல்லி, பேர் வாங்காதவர்கள் மேடை ஏறக்கூடாது என்றார். வள்ளுவர் அப்படியா சொன்னார்?
— வாசகர், திருச்செங்கோடு

'தோன்றின் புகழொடு தோன்றுக அஃதிலார் தோன்றலின் தோன்றாமை நன்று' (236). பேசியவர் சொன்னது முழுக்க அவர் கற்பனை அல்ல, ஆனால் பாதிதான். 'தோன்றுதல்' என்பதைப் பிறத்தல் என்று கொண்டவர் பரிமேலழகர். பிறக்கும்போதே எவனுக்கும் புகழ் இருக்க முடியாதே என்ற இடறலைத் தீர்க்க, இங்கே 'புகழ்' ஆகுபெயர், புகழுக்குக் காரணமான குணத்தைக் குறிக்கிறது என்றார். அந்தக் குணம் இல்லாவிட்டால் மனிதராய்ப் பிறப்பதைவிட விலங்காய்ப் பிறப்பது நன்று என்பது அவர் உரை. மு.வரதராசனார் 'தோன்றுதல்' என்பதை ஒரு துறையில் முற்பட்டுத் தோன்றுதல் என்று எடுத்துக்கொண்டார். மேடைப் பேச்சாளர்கள் கையாள்வது இந்த இரண்டாவது உரையைத்தான்.

எந்த உரையை எடுத்தாலும் 'அஃதிலார்' என்பது பத்திரிகையில் படம் வராதவர் அல்ல. பரிமேலழகர் உரைப்படி பார்த்தால் புகழுக்குரிய குணம் இல்லாதவர். கேள்விப்படாத ஒருவரை முதன்முறை மேடை ஏற்றுவதற்கு இந்தக் குறள் தடை இல்லை. முதன்முறை ஏறாமல் எவருக்குப் புகழ் வரும்?

அநாமதேயம், அனாமதேயம் – எந்த 'ன'? மொட்டைக் கடிதத்துக்கு இதைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், பவானி

'ந' போடுங்கள். நாமதேயம் என்றால் பெயர். முன்னால் இல்லை என்ற பொருளில் 'அ' சேர்ந்து அநாமதேயம். 'நா' என்பது பெயர்ச்சொல்லின் முதல் எழுத்து, அது ஒட்டுக்குச் சொந்தம் இல்லை. அநாதை, அநியாயம், அநீதி எல்லாவற்றிலும் இதுதான் கணக்கு: 'அ'வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நகரத்தில் தொடங்கும் சொல். 'அனுபவம்' அப்படி இல்லை. அதில் 'அனு' முழுவதும் முன்னொட்டு. 'அனாமதேயம்' இன்று பரவலாக அச்சாகிறது. தவறு என்று அடித்துத் திருத்த வேண்டியதில்லை, ஆனால் அகராதியில் தேடும்போது வித்தியாசம் தெரியும். தமிழ் அகர வரிசையில் 'அந' என்பது 'அப'வுக்கு முன்னால், 'அன' என்பது அகரப் பகுதியின் கடைக்கோடியில். இரண்டுக்கும் நடுவே நிறையப் பக்கங்கள்.

மொட்டைக் கடுதாசி, மொட்டை பெட்டிஷன் என்று ஊரில் சொல்வதற்கு ஈடான சொல்தான் அநாமதேயக் கடிதம். எழுத்தில் 'பெயர், முகவரி இல்லாத மனு' என்பது இரண்டையும்விடத் தெளிவு. பொய்ப்பெயர் போட்டு வந்திருந்தால் அது அநாமதேயம் ஆகாது, புனைபெயர்க் கடிதம். மனுவைப் பதிவு செய்கிறவர் இந்த வேறுபாட்டைக் குறித்துவைத்தால் பின்னால் தேடுவது எளிது. ஆளைப் பற்றிச் சொல்லும்போது 'அநாமதேயம்' என்பது இளக்காரமாகிவிடும்: 'எவனோ ஒரு அநாமதேயம்'. 'ஊர் பேர் தெரியாதவன்' என்பதும் அப்படியே, கூடவே சந்தேகமும் சேரும். முதல் கேள்வியே 'எந்த ஊருங்க?' என்று வரும் சீமையில் ஊர் தெரியாதவனை யாரும் உள்ளே விட மாட்டார்கள். விபத்துச் செய்தியில் இவை எதையும் போடாமல் 'அடையாளம் தெரியாத' என்று எழுதுங்கள்.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு புலிகுத்திக் கல் இருக்கிறது. எழுத்து ஏதும் இல்லை. 'பெயரற்ற வீரனின் நடுகல்' என்று பலகை வைக்கப் போகிறோம். சரியா?
— வாசகர்கள், அவிநாசி வட்டம்

பலகை எழுதக் கொடுக்கும் முன் கேட்டீர்கள், நல்லது. 'பெயரற்ற' என்றால் அவனுக்குப் பெயரே இல்லை என்று ஆகிறது. பெயர் இருந்தது, நமக்குத் தெரியவில்லை. 'பெயர் தெரியாத வீரர்' என்பதே உண்மை. கல்லைப் பற்றிச் சொல்லும்போது 'எழுத்தில்லாத நடுகல்' என்று எழுதலாம். இந்த இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்: எழுத்து இல்லாதது கல்லின் தன்மை, பெயர் தெரியாதது நம் நிலை.

பழங்காலத்தவருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்கிறது. 'பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்' என்கிறது அகநானூறு 67. பெயர் வேறு, பீடு வேறு. உங்கள் கல்லில் பெயர் இல்லை. ஆனால் புலியும் அதைக் குத்தும் ஆளும் செதுக்கப்பட்டிருந்தால் பீடு இருக்கிறது. 'புகழற்ற' என்ற சொல்லை அந்தக் கல் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. புகழுக்காகத்தான் கல்லே நட்டார்கள்.

பெயர் தெரியாதவரை எப்படி அழைப்பது என்பதற்குச் சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் காட்டிய வழி ஒன்று உண்டு. ஆளின் பெயர் கிடைக்காதபோது அவர் பாட்டில் வந்த உவமையையே பெயராக வைத்தார்கள். குறுந்தொகை 40 பாடியவர் செம்புலப்பெயல்நீரார், 41 அணிலாடுமுன்றிலார், 54 மீனெறிதூண்டிலார், 131 ஓரேருழவனார், 290 கல்பொருசிறுநுரையார், 305 குப்பைக்கோழியார். ஒருவரைக்கூடப் 'பெயரிலார்' என்று பதியவில்லை. நீங்களும் 'புலிகுத்தி வீரர்' என்று கல் காட்டும் செயலையே பெயராக்கிவிடலாம்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் நம் சீமையிலேயே உண்டு. நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் கண்ணன் ஆதன், பண்ணன், விஸாகீ என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. அவர்கள் என்ன செய்தார்கள், என்ன பேர் வாங்கினார்கள், எதுவும் தெரியாது. பெயர் இருக்கிறது, பீடு தெரியவில்லை. அவர்களைப் 'பெயர் மட்டும் தெரிந்தவர்கள்' என்றுதான் எழுத வேண்டும்.

'பிரபலமில்லாத விழா' என்று எழுதியதை ஆசிரியர் திருத்திவிட்டார். ஏன்?
— வாசகர், திருப்பூர்

சினிமாக்காரர் யாரும் வராத விழா என்று படித்திருப்பார். 'பிரபலம்' வடமொழியில் வலிமை மிக்கது என்ற பொருளுடையது. தமிழில் முதலில் 'நன்கு அறியப்பட்ட' என்றாகி, இப்போது ஆளையே குறிக்கிறது: 'சின்னத்திரைப் பிரபலம் வந்தார்'. ஆகவே 'பிரபலம் இல்லாத' என்றால் பிரபலர் வராத, 'பிரபலம் அல்லாத' என்றால் பிரபலர் ஆகாத ஒருவர், 'பிரபலமாகாத' என்றால் இன்னும் பரவாத. நீங்கள் சொல்ல வந்தது மூன்றாவது. 'அவ்வளவாகத் தெரியாத விழா' என்றால் வம்பே இல்லை.

மொழிபெயர்ப்பில் 'இன்ஃபேமஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் 'புகழ்பெறாத' என்று போட்டேன். மதிப்பெண் போய்விட்டது.
— மாணவி, கோயம்புத்தூர்

போகத்தான் செய்யும். அந்தச் சொல்லுக்குக் கெட்ட பேர் எடுத்த, பழிக்குப் பேர் போன என்று பொருள். ஊரறிந்த திருடனுக்கு அது பொருந்தும். ஊரறியாத கவிஞனுக்குப் பொருந்தாது. முன்னொட்டைப் பார்த்து 'இல்லை' என்று முடிவு செய்ததுதான் சறுக்கல். வடமொழிக் கடன் சொற்களிலும் இதே பள்ளம் உண்டு. 'அகீர்த்தி' என்பது எழுத்துப்படி கீர்த்தி இல்லாமை. ஆனால் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் (சுலோகம் 34) அது அவப்பெயர் என்றே வருகிறது, மானமுள்ளவனுக்குச் சாவைவிடக் கொடியது என்று. 'அபகீர்த்தி'யும் அவப்பெயர். வெறுமனே அறியப்படாததற்கு 'அப்பிரசித்தம்' என்ற சொல் இருக்கிறது. இன்று எழுதினால் அந்தச் சொல்லே அப்பிரசித்தம்.

அறியப்படாத, மறக்கப்பட்ட, மறைக்கப்பட்ட – கட்டுரைகளில் மாற்றி மாற்றி வருகின்றனவே?
— வாசகர், கரூர்

மூன்றும் மூன்று குற்றச்சாட்டு. அறியப்படாதவர் ஒருபோதும் பரவலாகத் தெரியவராதவர். மறக்கப்பட்டவர் ஒரு காலத்தில் தெரிந்திருந்தவர். அதைக் காட்ட அந்தக் காலத்து நோட்டீஸோ பத்திரிகையோ சான்று வேண்டும். மறைக்கப்பட்டவர் என்றால் மறைத்தவர் ஒருவர் இருக்கிறார். யார், எப்படி என்று கட்டுரைக்குள் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். தலைப்புக்குக் காரம் சேர்க்க 'மறைக்கப்பட்ட' போடுவது இப்போது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. இவற்றோடு நாலாவதாக 'மறைந்த' என்பதைக் கலந்துவிடாதீர்கள். 'மறைந்த கலைஞர்' என்று போட்டால் ஊரிலிருந்து மாலையோடு வந்துவிடுவார்கள்.

புகழூரா, புகளூரா?
— இன்னொரு வாசகர், கரூர்

இரண்டு எழுத்திலும் அச்சாகிறது. ஊர்ப் பலகைகளில் அதிகம் காண்பது புகளூர். அந்த ஊர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழிக் (தமிழ்ப் பிராமி) கல்வெட்டைப் பற்றிய எழுத்துகளில் இரண்டும் உண்டு. அந்தக் கல்வெட்டில் யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமணத் துறவிக்காகச் சேரர் மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லிக் கல் அறுத்துக் கொடுத்த செய்தி இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருப்புகலூர் வேறு. அது 'புகல்', அடைக்கலம். அதனால்தான் அகதிகளுக்குக் கொடுப்பது புகலிடம். 'புகழிடம்' என்று எழுதினால் அடைக்கலம் கேட்டவருக்குப் பாராட்டு விழா நடத்திவிடுவோம்.

'புகழற்ற', 'புகழிலி' எதுவும் அகராதியில் இல்லை. எப்படித் தேடுவது?
— வாசகி, பொள்ளாச்சி

எதிர்மறைக் கூட்டுச்சொற்களை எல்லாம் அகராதி தனித்தனியாக அடுக்காது, ஏனென்றால் யாரும் எப்போதும் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். புணர்ச்சியைப் பிரித்து இரண்டு தேடல் செய்யுங்கள். புகழ் ஒருமுறை, பிறகு ஒட்டின் வேர். 'அற்ற' என்பதற்கு 'அறு' என்ற வினையைப் பாருங்கள்: அறுத்தல் அல்ல, அறுதல், தானாக நீங்குதல். 'இலி', 'இன்மை' இரண்டுக்கும் 'இல்' அடி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் (6 தொகுதிகள், 1924 முதல் 1936 வரை) வினைகள் 'தல்', 'த்தல்' சேர்த்துப் பதிவாகியிருக்கும். அந்த 'த்' உள்ளதா இல்லையா என்பதே இது எந்த 'அறு' என்று காட்டிக்கொடுக்கும்.

இலைமறை காய், குடத்திலிட்ட விளக்கு, காட்டில் எரித்த நிலா – மூன்றும் ஒன்றா?
— ஆசிரியை, சத்தியமங்கலம்

ஒன்றல்ல. குடத்திலிட்ட விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, வெளிச்சம் வெளியே வரவில்லை: திறமை உண்டு, புகழ் பரவவில்லை. அதன் எதிர் குன்றின் மேலிட்ட விளக்கு. இலைமறை காய் கிட்டப் போய் இலையை விலக்கினால் தெரியும். தேடினால் கிடைக்கும் திறமைசாலிக்குப் பொருத்தம். ஆனால் 'இலைமறை காயாகச் சொன்னார்' என்றால் குறிப்பாகச் சொன்னார் என்று வேறு பொருள், கவனம். மூன்றாவது 'காட்டில் எறித்த நிலா', வல்லின றகரம். எறித்தல் என்றால் ஒளி வீசுதல். நிலா காட்டை எரிக்கவில்லை. நிலா முழுக்க வெளிச்சத்தில்தான் இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை. கலைஞரைப் பற்றி எழுதும்போது இதைத் தவிர்க்கலாம். அவர் உழைப்பே வீண் என்ற தொனி வந்துவிடும்.

'இசையிலா யாக்கை பொறுத்த நிலம்' என்ற குறளில் இசை என்பது பாட்டா, புகழா? பாட்டுத் தெரியாதவனைச் சுமந்தால் விளைச்சல் குறையுமா?
— விவசாயி, அறச்சலூர்

புகழ்தான். 'ஈதல் இசைபட வாழ்தல்' (231) என்பதில் உள்ள அதே இசை. ஒலிக்குரிய சொல்லே புகழுக்கும் வந்தது, நாலு பேர் வாயில் ஒலிப்பதுதானே புகழ். புகழில்லாத உடலைச் சுமக்கும் நிலத்தில் வளமான விளைவு குன்றும் என்று 239 சொல்வது கடிந்துகொள்வதற்காக. உங்கள் மஞ்சள் விளைச்சலுக்கு மண்ணையும் தண்ணீரையும் பார்த்தால் போதும்.

ஆனால் இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததுதான் வேடிக்கை. இசையின் இரண்டு பொருளும் சேர்ந்து நிற்கும் கல்லே அங்கே நாகமலையில் இருக்கிறது. 'த', 'தை' என்று தாள எழுத்துகளை வரிசை வரிசையாக வெட்டி, பக்கத்தில் 'எழுத்துப் புணருத்தான்' (எழுத்துகளைச் சேர்த்து அமைத்தவன்) என்று சொல்லி ஒரு பெயரும் பொறித்திருக்கிறார்கள். வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் நாணயமோ மணியோ நோட்டம் பார்க்கிறவர். தாளம் ஒரு இசை, கல்லில் நின்ற பேர் இன்னொரு இசை.